ஸ்பிரிங்பேங்க், லாங்ரோ, ஹேசல்பர்ன்: மூன்று பெயர், ஒரே சரக்கா?

வாசகர் கேள்வி, நவம்பர் 3

ஸ்காட்லாந்தில் கேம்பெல்டவுன் ஊரில் இருக்கும் ஸ்பிரிங்பேங்க் டிஸ்டில்லரி, ஸ்பிரிங்பேங்க், லாங்ரோ, ஹேசல்பர்ன் என்று மூன்று பெயரில் சிங்கிள் மால்ட் (முளைக்க வைத்த பார்லியான மால்ட்டில் இருந்து ஒரே டிஸ்டில்லரியில் வடித்த விஸ்கி) விற்கிறது. ஒரே தண்ணீர், ஒரே பார்லி, ஒரே வடிகலன்கள். புகை கொஞ்சம் கூடக் குறைய இருப்பதைத் தவிர மூன்றுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? லேபிளை மாற்றி மூன்று முறை காசு வாங்குகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காசுக்குப் பீப்பாயில் 18 வருடம் கிடந்த ஒரே ஒரு ஸ்பிரிங்பேங்க் வாங்கிவிட்டுப் போகலாமே?

நவம்பர் 3, இரவு

லேபிள் வித்தை கிடையாது. பாட்டிலுக்கு வெகு முன்னால், பார்லி காய்கிற சூளையிலேயே மூன்றும் பிரிந்துவிடுகின்றன. ஸ்பிரிங்பேங்குக்கான பார்லியை 6 மணி நேரம் பீட் புகையிலும் பிறகு 24 மணி நேரம் வெறும் சூடான காற்றிலும் காயவைக்கிறார்கள். லாங்ரோவுக்கு 48 மணி நேரம் வரை பீட் புகை. ஹேசல்பர்னுக்குப் புகையே இல்லை, 30 மணி நேரமும் காற்று மட்டும்தான். பீட் என்பது சதுப்பு நிலத்தில் வெட்டி எடுத்து உலர்த்திய மக்கிய மண். அதை எரித்தால் வரும் புகைதான் முளைத்த பார்லியில் ஒட்டிக்கொள்கிறது.

அடுத்தது வடிப்பு. லாங்ரோ இரண்டு முறை, ஹேசல்பர்ன் மூன்று முறை, ஸ்பிரிங்பேங்க் இரண்டரை முறை. இதை ஒரே சரக்கு என்று சொன்னால் அந்தச் சூளையடியில் நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு அநியாயம்.

18 வருடச் சரக்கு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். அதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நவம்பர் 4

"இரண்டரை முறை எப்படிய்யா வடிக்க முடியும்?" என்று கேட்டவருக்கு.

நொதித்த பார்லிச் சாற்றை முதல் கலனில் காய்ச்சினால் வருவது லோ வைன்ஸ். பெரும்பாலான ஸ்காட்லாந்து டிஸ்டில்லரிகளில் அது நேராக இரண்டாவது கலனுக்குப் போய் விஸ்கிக்கான சாராயமாகிவிடும். ஸ்பிரிங்பேங்கில் கலன்கள் மூன்று. லோ வைன்ஸில் பெரும்பகுதியை நடுக்கலனில் இன்னொரு தடவை காய்ச்சுகிறார்கள். அதிலிருந்து வருவதை ஃபெயின்ட்ஸ் என்கிறார்கள். ஒரு பங்கை மட்டும் நடுக்கலனுக்கு அனுப்பாமல் ஒதுக்கி வைக்கிறார்கள். மூன்றாவது கலனை நிரப்பும்போது ஃபெயின்ட்ஸ் 80 பங்கு, ஒதுக்கிய லோ வைன்ஸ் 20 பங்கு. ஆகவே பீப்பாய்க்குப் போகிற சரக்கில் ஒரு பகுதி மூன்று முறை வடிந்தது, ஒரு பகுதி இரண்டு முறை.

இதனால் என்ன லாபம்? மூன்று முறை வடித்தால் சாராயம் லேசாகிறது, பழ வாசனை மேலே வருகிறது, கனமான எண்ணெய்ப்பசை கழிகிறது. அந்த 20 பங்கு உள்ளே வரும்போது கழிந்த கனத்தில் கொஞ்சம் திரும்பி வருகிறது. ஸ்பிரிங்பேங்க் வாயில் எண்ணெயாகவும் தெளிவாகவும் ஒரே நேரத்தில் இருப்பதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாக நினைக்கிறேன்.

நவம்பர் 4, இன்னொன்று

முதல் கலனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. அதற்குக் கீழே எண்ணெய் நெருப்பு நேராக எரிகிறது. இன்று பெரும்பாலான இடங்களில் நீராவிக் குழாய்தான். இங்கே உள்ளே நீராவியும் உண்டு, அடியில் நேரடி நெருப்பும் உண்டு. நேரடி நெருப்பு என்றால் சாற்றில் இருக்கும் கசடு அடிப்பிடிக்கும். அதற்காகக் கலனுக்குள் ஒரு செப்புச் சங்கிலி சுற்றிச் சுற்றி அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறது. நான் போயிருந்தபோது காய்ச்சல் நடந்துகொண்டிருந்தது. கலன் பக்கத்தில் நின்றால் சங்கிலி தரையை உரசும் கரகரப்பு காதில் விழும். வழிகாட்டி பேச்சை நிறுத்திவிட்டு எங்களைக் கேட்கச் சொன்னார். நடுக்கலனின் ஆவி குளிர்வதும் பழைய முறைதான். தண்ணீர்த் தொட்டிக்குள் சுருள் சுருளாகப் போகும் செப்புக் குழாய். ஆவிக்குச் செம்போடு உறவாட நேரம் குறைவாகக் கிடைப்பதால் சாராயம் கனமாக, கொஞ்சம் கந்தக நெடியோடு வருகிறது.

நவம்பர் 9

சரி, சுவைக்கு வருவோம். நேற்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தோம். ஹேசல்பர்ன் 10, ஸ்பிரிங்பேங்க் 10, வயது போடாத லாங்ரோ. மூன்றுமே 46% ஆல்கஹால், மூன்றிலும் நிறத்துக்குக் கேரமல் இல்லை, குளிரவைத்து வடிகட்டுவதும் இல்லை. ஒப்பிட இவ்வளவு வசதியான தொகுப்பு வேறு எங்கும் கிடைப்பது கஷ்டம். ஊறவைப்பது, முளைக்க வைப்பது, காய்ச்சுவது, பாட்டிலில் அடைப்பது எல்லாம் ஒரே வளாகத்துக்குள். மாறுவது புகையும் வடிப்பும்தான்.

முதலில் ஹேசல்பர்ன். மூக்கருகே கொண்டுபோனதும் பேரிக்காய், தேன். வாயில் வெண்ணெய் போன்ற வழவழப்பு, பிறகு பச்சை ஆப்பிள் தோலின் மெல்லிய துவர்ப்பு. புகை இல்லாததால் கடைசியில் நாக்கின் ஓரத்தில் உப்பு நன்றாகவே தெரிகிறது. அந்த உப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஸ்பிரிங்பேங்க் 10. இங்கே வாசனையைச் சொல்லிமுடிப்பது சிரமம். எலுமிச்சைத் தோல், ஈரக் கல், லேசான புகை, அதற்குள் எங்கேயோ மெஷின் ஆயில். ஒரு நண்பர் முகம் சுளித்தார். அவருக்கு மாட்டுத்தொழுவ வாசனை வந்ததாம். அதுவும் இருக்கிறது, மறுக்க முடியாது. இந்த டிஸ்டில்லரியின் ரசிகர்கள் அதற்காகத்தான் அலைகிறார்கள். ஒரு மிடறு உள்ளே போனதும் இனிப்பு, மிளகுக் காரம், உப்பு, புகை என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். விழுங்கிய பிறகும் வெகு நேரம் நாக்கை விடாது.

கடைசியில் லாங்ரோ. புகை முன்னால் நிற்கிறது, ஆனால் புகைச்சரக்குக்குப் பேர்போன ஐலா தீவின் சரக்குகளில் வரும் ஆஸ்பத்திரி மருந்து நெடி இதில் குறைவு. கரிந்த மரம், வெனிலா, பாலேடு. நான் எதிர்பார்த்ததைவிட இனிப்பு அதிகம்.

எனக்குப் பிடித்த வரிசை: லாங்ரோ, ஸ்பிரிங்பேங்க், ஹேசல்பர்ன்.

நவம்பர் 10

குடிக்கும் முன் சாப்பிட்டதைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. சிக்கன் 65 தட்டு மேசைக்கு வந்தது மூன்று கிளாஸும் முடிந்த பிறகுதான். மிளகாயும் மசாலாவும் நாக்கில் இருக்கும்போது ஹேசல்பர்னின் உப்பு காணாமல் போய்விடும். வெறும் பிரெட், தண்ணீர், அவ்வளவுதான் முன்னால். ஐஸ் வேண்டாம்.

நவம்பர் 12

ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்: "ஹேசல்பர்ன் 10 முழுக்க பர்பன் (அமெரிக்க விஸ்கி) இருந்த பீப்பாய். ஸ்பிரிங்பேங்க் 10இல் ஷெர்ரி (ஸ்பானிய ஒயின்) இருந்த பீப்பாயும் கலந்திருக்கிறது. அப்படியானால் நீங்கள் வடிப்பை ஒப்பிட்டீர்களா, பீப்பாயை ஒப்பிட்டீர்களா?"

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். ஸ்பிரிங்பேங்க் 10இல் பாதிக்குமேல் பர்பன், மிச்சம் ஷெர்ரி. பர்பன் பீப்பாய் வெனிலாவும் தேங்காயும் தரும், ஷெர்ரி பீப்பாய் உலர்திராட்சையும் வால்நட்டும் தரும். அதனால்தான் நேற்று பர்பன் பீப்பாயில் மட்டும் கிடந்த ஒரு ஸ்பிரிங்பேங்கை, ஒரு நண்பர் பத்திரப்படுத்தி வைத்திருந்த பாட்டிலில் இருந்து, ஹேசல்பர்ன் பக்கத்தில் ஊற்றிப் பார்த்தேன். உலர்திராட்சை போய்விட்டது, நிறமும் வெளிறிவிட்டது. மெஷின் ஆயிலும் ஈரக் கல்லும் போகவில்லை, போதாக்குறைக்கு இன்னும் பச்சையாகத் தெரிந்தன. ஆகவே அந்த வாசனை கலனில் இருந்தும் சூளையில் இருந்தும் வருகிறது. பீப்பாய் அதற்குமேல் ஒரு போர்வை போர்த்துகிறது.

நவம்பர் 13

இப்போது 18 வருட விவகாரம். முதல் கேள்வி கேட்டவர் பொறுமையாக இருந்ததற்கு நன்றி.

10, 15, 18 என்று வரிசையாக வாங்கி வைத்து "வயது ஏற ஏற எப்படி மாறுகிறது பார்" என்று விருந்தாளிக்கு ஊற்றுகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் காட்டுவது வயதை மட்டும் இல்லை. 15 முழுக்க ஷெர்ரி பீப்பாய்ச் சரக்கு. 18இல் ஷெர்ரியும் பர்பனும் கலக்கும் அளவு தொகுதிக்குத் தொகுதி மாறும். 10 இரண்டும் கலந்தது. 10க்கும் 15க்கும் இடையே தெரிகிற மாற்றத்தில் எவ்வளவு அந்த ஐந்து வருடம், எவ்வளவு ஷெர்ரி என்று நாக்கால் பிரிக்க முடியாது. 15இல் வரும் கருப்பட்டி நிறமும் டார்க் சாக்லேட் கசப்பும் வயதால் வந்தது என்று நினைத்தால், அதே வயதில் பர்பன் பீப்பாயில் கிடந்த ஒன்றைக் குடிக்கும்போது பெரிய அதிர்ச்சி காத்திருக்கிறது.

18 நல்ல சரக்கா? மிக நல்ல சரக்கு. ஸ்ட்ராபெரி, மெழுகு, நிதானமான புகை, எல்லாம் உருண்டு திரண்டு இருக்கும். ஆனால் இந்த டிஸ்டில்லரி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள அதில் தொடங்கக் கூடாது. புகை மங்கி, உப்பு மங்கி, மரம் மேலே வந்துவிடுகிறது. அது யாருடைய சரக்கு என்று கேட்டால் பதில் சொல்வதற்கு 10ஐத் தெரிந்திருக்க வேண்டும்.

நவம்பர் 13, பின்குறிப்பு

12 வருட காஸ்க் ஸ்ட்ரென்த் பற்றி: தண்ணீர் சேர்க்காமல் அடைப்பது, பெரும்பாலும் 55% சுற்றி இருக்கும், ஒவ்வொரு தொகுதிக்கும் அளவு மாறும். ஒப்பிட விரும்பினால் அதில் தண்ணீர் விட்டு 46 பக்கம் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடுங்கள். வீரியம் கூடிய கிளாஸ்தான் முதலில் பிடிக்கும், எல்லோருக்கும்.

நவம்பர் 21

ஊரைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. கேம்பெல்டவுன், கின்டையர் என்ற நீண்ட தீபகற்பத்தின் தென்கோடியில் இருக்கிறது. கிளாஸ்கோவில் இருந்து கார் எடுத்தால் லாக் லோமண்ட், இன்வரேரி, டார்பர்ட் என்று சுற்றிச் சுற்றி மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்விடும். ஒரு காலத்தில் இந்தச் சின்ன ஊரில் 30க்கும் மேற்பட்ட டிஸ்டில்லரிகள். 1920களில் வரிசையாக மூடினார்கள். 1930களின் நடுவில் மிஞ்சியவை ஸ்பிரிங்பேங்க், கிளென் ஸ்கோஷியா இரண்டே இரண்டு.

லாங்ரோ, ஹேசல்பர்ன் என்பவை இந்த ஊரில் மூடிப்போன இரண்டு டிஸ்டில்லரிகளின் பெயர்கள். பழைய லாங்ரோ இவர்கள் பக்கத்து மனையிலேயே இருந்தது, அதன் கிடங்கு ஒன்றில்தான் இன்று பாட்டில் அடைக்கிறார்கள். ஹேசல்பர்னில் 1920ல் ஒரு ஜப்பானிய இளைஞர் வேலை கற்றார், மசாடாகா டாகெட்சுரு. அவர்தான் பிறகு 1934ல் நிக்கா நிறுவனத்தைத் தொடங்கியவர். அவருடைய யோய்ச்சி டிஸ்டில்லரியில் இன்றும் கலனுக்கு அடியில் நிலக்கரி எரிகிறது. யோய்ச்சி குடித்தவர்கள் ஒருமுறை அதை ஸ்பிரிங்பேங்க் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு அந்த உப்பும் எண்ணெயும் தெரிந்த வாசனையாகவே இருந்தன.

நவம்பர் 22

"பெயர் மட்டும் பழசு, சரக்கு புதுசு என்றால் அதுவும் வியாபார தந்திரம்தானே?" என்கிறார் முதல் கேள்விக்காரர்.

வியாபாரம்தான். ஆனால் கணக்குப் பாருங்கள். லாங்ரோவை முதன்முதலாக வடித்தது 1973ல். ஐலாவுக்கு வெளியேயும் அப்படிப் புகைச்சரக்கு செய்ய முடியும் என்று காட்டத்தான் ஆரம்பித்தார்கள். ஹேசல்பர்ன் 1997ல். வடித்த அன்றே விற்க முடியாது, பீப்பாயில் கிடக்க வேண்டும். நடுவில் 1979 முதல் 1987 வரை டிஸ்டில்லரியே ஏறக்குறைய நின்று கிடந்தது. இன்றும் உற்பத்தியில் சுமார் 80% ஸ்பிரிங்பேங்க், மற்ற இரண்டும் பத்துப் பத்து. லேபிள் மாற்றிக் காசு பார்க்கிறவன் சூளையைத் தனியாக எரித்து, வடிப்பு முறையையும் மாற்றி, பத்து வருடம் காத்திருக்க மாட்டான்.

முளைக்கூடத்தையும் சொல்ல வேண்டும். தங்களுக்குத் தேவையான மால்ட் முழுவதையும் தங்கள் தரையிலேயே முளைக்க வைக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் மற்றவர்கள் பெரும்பாலும் ஆலையில் இருந்து வாங்குவார்கள், தரையில் முளைக்க வைக்கிற சிலரிலும் பெரும்பாலோர் ஒரு பகுதியைத்தான் அப்படிச் செய்கிறார்கள். தாழ்ந்த கூரை, தரை முழுக்க ஈர பார்லி, சட்டைக்கையை மடித்த இரண்டு பேர் மரத் துடுப்பால் அள்ளி அள்ளித் திருப்பிக்கொண்டிருந்தார்கள். திருப்பாவிட்டால் வேர்கள் பின்னிக்கொண்டு பாய் மாதிரி ஆகிவிடுமாம். ஒரு மணியை எடுத்து நகத்தால் கீறச் சொன்னார்கள். உள்ளே மாவு சுண்ணாம்புபோல் விரலில் தேய்ந்தது. அப்படித் தேய்ந்தால் சூளைக்குத் தயார்.

டிசம்பர் 7

பாட்டில்கள் திறந்து சில வாரம் ஆகிவிட்டது. மறுபடியும் மூன்றும் ஊற்றினோம். இந்த முறை மனைவி ஊற்றினாள், கிளாஸ் அடியில் எண் ஒட்டிவிட்டாள், எங்களுக்குத் தெரியாது.

ஹேசல்பர்னை எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். மற்ற இரண்டும் முதல் பத்து நிமிடம் சுலபமாகவே பிரிந்தன. அரை மணி நேரம் கழித்து நிலைமை மாறியது. லாங்ரோவின் புகை அடங்கி, அதற்கு அடியில் இருந்து அதே எலுமிச்சைத் தோலும் உப்பும் எழுந்து வந்தன. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். விஸ்கிக்குள் தண்ணீர் எண்ணெய் இழைகளாகச் சுழன்று இறங்கி, கொஞ்ச நேரத்தில் மெல்லிய மூட்டம் படிந்தது. குளிரவைத்து வடிகட்டியிருந்தால் நீங்கிப்போகக்கூடிய கொழுப்புச்சத்துகள் அவை. 46%க்குக் கீழே போனதும் கரையாமல் பிரிகின்றன. அந்த நிலையில் முகர்ந்தபோது எங்களில் ஒருவர் லாங்ரோவை ஸ்பிரிங்பேங்க் என்றே எழுதினார்.

ஆகவே முதல் கேள்விக்காரர் சொன்னதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. மூன்றுக்கும் அடியில் பொதுவான ஒன்று ஓடுகிறது. ஹேசல்பர்னில் நாக்கின் ஓரத்தில் தெரிந்த அந்த உப்பு, லாங்ரோவில் புகைக்குப் பின்னால் வந்த அதே உப்பு. எங்கிருந்து வருகிறது? கடல்காற்று கிடங்குக்குள் புகுந்து பீப்பாயில் இறங்குகிறது என்று சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை குறைவு. நான் பந்தயம் கட்டுவதென்றால் நொதிப்பின் மீது கட்டுவேன். மரத்தொட்டிகளில் 110 மணி நேரம் வரை விடுகிறார்கள், சாறும் மற்ற இடங்களைவிட நீர்த்தது. அவ்வளவு நேரம் கிடந்தால் ஈஸ்ட் ஓய்ந்த பிறகு லாக்டிக் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கிவிடும், புளிப்பும் பழ வாசனையும் ஏறும். மூன்று சரக்குக்கும் இது பொது.

இன்னொரு மாற்றம். என் வரிசையில் ஹேசல்பர்ன் இப்போது இரண்டாவது. முதலில் லேசாகப் பட்டது, இப்போது திறந்த காற்றில் தேன் கெட்டிப்பட்டிருக்கிறது. புகைச்சரக்கை விரும்புகிறவர்கள் அவசரப்பட்டு அதைத் தள்ளிவிட வேண்டாம். முதலிடம்? லாங்ரோவை இறக்கிவிட்டு ஸ்பிரிங்பேங்க் 10. அது அநேகமாக இனி மாறாது.

டிசம்பர் 8

கில்கெரன் பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அதே முதலாளிகள், அடுத்த தெருவில் கிளென்கைல் டிஸ்டில்லரி, 1925ல் மூடியதை 2004ல் மறுபடி திறந்தார்கள், அங்கே செய்கிற விஸ்கியின் பெயர்தான் கில்கெரன். மால்ட் ஸ்பிரிங்பேங்கின் தரையிலிருந்தே போகிறது, ஆனால் கலன்கள் வேறு, அடியில் நெருப்பும் இல்லை, வடிப்பு இரண்டு முறை. நான்காவது கிளாஸாக கில்கெரன் 12 வையுங்கள், அதுவும் 46%தான். மால்ட் ஒன்று, கலன் வேறு என்றால் சுவை எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. என் நாக்குக்கு அது சுத்தமானது, எலுமிச்சை அதிகம், மெஷின் ஆயில் ஏறக்குறைய இல்லை.

டிசம்பர் 15

விலை. மூன்று நான்கு மடங்கு வைத்து விற்கும் கடையில் வாங்காதீர்கள். எனக்கும் ஒரு கடைக்காரர் 10ஐ எடுத்துக் காட்டி ஒரு தொகை சொன்னார், வைத்துவிட்டு வந்தேன். இவர்கள் செய்வது குறைவு, கேட்பவர்கள் அதிகம், நடுவில் வாங்கிப் பதுக்கி ஏலத்தில் விடுகிறவர்கள் வேறு. சரக்கு வரும்போது குலுக்கல் முறையில் சரியான விலைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன, அங்கே பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

முதலில் எதை வாங்குவது என்றால், கிடைக்கும் இடத்தில் கிடைக்கும் 10. அது கிடைக்காவிட்டால் கில்கெரன் 12, கடைகளில் ஓரளவு சுலபமாகக் கிடைக்கும். அப்புறம் ஹேசல்பர்ன், அப்புறம் லாங்ரோ. பாட்டில் கண்ணாடியில் தேதி பொறித்திருப்பார்கள், அதைக் குறித்து வையுங்கள். தொகுதிக்குத் தொகுதி நிறமே மாறுகிறது, இரண்டு பேர் பேசும்போது ஒரே சரக்கைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று பார்க்க அது உதவும். 15ஐ இதே மேசையில் திறக்காதீர்கள், ஷெர்ரி மற்றவற்றை அமுக்கிவிடும். வேறொரு நாள் தனியாக ஊற்றுங்கள்.